மாறுவதும் மாற்றுவதும்

நமது பேரவையின் ஆண்டு மலரில் மொழி, இனம், உரிமை, வேலைவாய்ப்பு என்று கனமான தலைப்புகளில் எழுதுவதுதான் வழக்கம். நான் இம்முறை ஐந்து வயதுப் பிள்ளைகளையும் ஒரு குவளைப் பனிக்கட்டியையும் பற்றி எழுதப் போகிறேன். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். இதுவும் மொழியைப் பற்றியதுதான் என்பது போகப் போகத் தெரியும்.

கடந்த நீண்ட விடுமுறையில் பத்து வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பாலர் பள்ளியில் உதவி ஆசிரியையாக இருந்தேன். ஆசிரியை என்று சொல்லிக்கொள்வதே கொஞ்சம் அதிகம். பிள்ளைகளின் காலணிகளை அடுக்குவது, மைலோ கலக்குவது, மூக்கைத் துடைத்துவிடுவது, அழுகிற பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு சன்னல் வழியாக மோனோரயில் காட்டுவது, இவைதாம் என் வேலை. கடைவீட்டின் மாடியில் இரண்டே அறைகள். பதினெட்டுப் பிள்ளைகள். பூக்கடையில் மாலை கட்டுபவர், உணவகத்தில் வேலை செய்பவர், செந்திரலில் துப்புரவுப் பணியாளர், அலுவலக எழுத்தர் என்று பலதரப்பட்ட பெற்றோரின் பிள்ளைகள்.

மூன்றாம் நாள் தலைமை ஆசிரியை என்னிடம் அரை மணி நேரத்தைக் கொடுத்து, "ஏதாவது செய்" என்றார். முதல்நாள் இரவே ஒரு நெகிழிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, உள்ளே சின்ன டைனோசர் பொம்மையைப் போட்டு உறைய வைத்திருந்தேன். அந்தப் பனிக்கட்டியைத் தட்டில் வைத்து, "டைனோசரை வெளியே எடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். கையால் தேய்த்தார்கள். ஊதினார்கள். உப்புப் போட்டார்கள். ஒருத்தி பாவாடையில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இருபத்தைந்து நிமிடத்தில் டைனோசர் வெளியே வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். ஒரு பையன் மட்டும் தட்டில் கிடந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஐஸ் எங்க போச்சு?"

"தண்ணி ஆயிடுச்சுப்பா."

"அப்ப ஐஸ் செத்துப் போச்சா?"

"இல்ல, உருகிடுச்சு."

அந்தச் சொல் அவனுக்குப் பிடித்துப் போய்விட்டது. அன்று முழுவதும் எல்லாமே உருகின. மைலோவில் போட்ட பிஸ்கட் உருகியது. மேசைமேல் சிந்திய தண்ணீர் மின்விசிறிக் காற்றில் உருகியது. தோழியின் தலையில் வைத்திருந்த மல்லிகை மதியத்துக்குள் உருகிவிட்டது. பிஸ்கட் ஊறியது, தண்ணீர் காய்ந்தது, பூ வாடியது என்று நான் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே வந்தேன். அன்று மாலை மோனோரயிலில் வீடு திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தப் பிள்ளையிடம் அதுவரை அப்படிப்பட்ட ஒரு சொல்கூட இருந்ததில்லை.

அந்த வகுப்பறைச் சுவரைப் பாருங்கள். அ – அணில், ஆ – ஆடு. பழங்களின் அட்டவணை, காய்கறி அட்டவணை, வாகன அட்டவணை, உடல் உறுப்பு அட்டவணை. நாம் எல்லாரும் இப்படிப்பட்ட சுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம். நம்முடைய பாலர் கல்வியில் தமிழ் என்றால் பெயர்ச்சொல். பிள்ளைகளும் நன்றாகவே கற்றிருக்கிறார்கள். இருபது விலங்குகளின் பெயரை மூச்சுவிடாமல் சொல்கிறார்கள். ஆனால், ஒரு பொருள் இன்னொன்றாவதைச் சொல்ல வரும்போது எல்லாருக்கும் ஒரே சொல்தான்: 'ஆயிடுச்சு'. ஐஸ் மெல்ட் ஆயிடுச்சு. பலூன் பெசார் ஆயிடுச்சு. வாழைப்பழம் பூசுக் ஆயிடுச்சு. முன்னால் ஆங்கிலமோ மலாயோ நின்றுகொள்ள, பின்னால் ஒட்டிக்கொள்ளும் வாலாகத் தமிழ் இருக்கிறது.

தமிழில் மாற்றத்துக்குச் சொல் இல்லையா? உருகுதல், உறைதல், கரைதல், ஊறுதல், காய்தல், வற்றுதல், முளைத்தல், துளிர்த்தல், பழுத்தல், கனிதல், வாடுதல், உதிர்தல், அழுகுதல், புளித்தல், நுரைத்தல், வெளுத்தல், சிவத்தல், கருகுதல். இவற்றை அட்டவணையாக அச்சடித்துச் சுவரில் ஒட்டுவதும் எளிதன்று. 'வாடுதல்' என்பதற்கு என்ன படம் போடுவது? ஒரே பூவின் இரண்டு படங்கள் வேண்டும். நடுவே ஒரு பகல் கழிய வேண்டும். வினைச்சொல்லைக் கற்பிக்க நேரமும் பொருளும் கையும் தேவைப்படுகின்றன. அதனால்தான் விட்டுவிட்டோமோ என்னவோ.

இது ஒன்றும் என் கண்டுபிடிப்பன்று. சுவிட்சர்லாந்து அறிஞர் ஜான் பியாஜே செய்த சோதனை ஒன்று உளவியல் படிக்கும் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அகலக் குவளையில் இருக்கும் தண்ணீரைப் பிள்ளையின் கண்முன்னே ஒல்லியான உயரக் குவளைக்கு மாற்றினால், நான்கைந்து வயதுப் பிள்ளை 'இதில்தான் தண்ணீர் அதிகம்' என்று சொல்லும். உருவம் மாறினால் அளவும் மாறிவிட்டதாகத் தோன்றும் வயது அது. நான் அதைச் செய்து பார்த்தேன். பெரும்பாலும் அப்படியேதான் சொன்னார்கள். ஆனால், தாங்களே ஊற்றிப் பார்க்கவிட்டால், இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று நாள்தோறும் ஊற்றவிட்டால், 'ஊத்தினா திரும்ப வந்துரும்' என்று ஒருத்தியாவது சொல்லத்தான் செய்கிறாள். விளையாட்டுக்கு அந்த வலிமை உண்டு.

மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரின்போது இத்தாலியர் என்ற காரணத்தால் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு இந்தியாவிலேயே தங்க நேர்ந்து, சில ஆண்டுகள் கொடைக்கானலில் வாழ்ந்தார். செடி, பூச்சி, நீர், மண் ஆகியவற்றைப் பிள்ளைகள் நேரடியாகக் கவனித்துக் கற்கும் முறை அங்கேதான் விரிவடைந்தது என்பார்கள். தமிழ்நாட்டிலும் 2003 தொடங்கிச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. நம் நாட்டில் 2017ஆம் ஆண்டில் சீரமைக்கப்பட்ட பாலர்பள்ளிக் கலைத்திட்டமும் விளையாட்டின்வழிக் கற்றலை வெளிப்படையாகவே வலியுறுத்தியது. ஆகவே, ஏட்டில் குறையில்லை.

குறை வாசலில் நிற்கிறது. அதுவும் நியாயமான குறை. இரண்டாம் வாரத்தில் ஒரு தாய் என்னை ஓரமாக அழைத்தார்.

"டீச்சர், கோவிச்சுக்காதீங்க. மாசாமாசம் ஃபீஸ் கட்டுறோம். பிள்ள வீட்டுக்கு வந்து ஐஸ் வெச்சு விளையாடினேன், மண்ணு வெச்சு விளையாடினேன்னு சொல்லுது. முதலாம் ஆண்டுக்குப் போயி வாசிக்கத் தெரியலன்னா யாரு பதில் சொல்றது?"

அவர் காலை ஏழு மணிக்குப் பிள்ளையை விட்டுவிட்டு, புடைவைக் கடையில் இரவு வரை நின்று வேலை செய்பவர். அவரிடம் பியாஜேயைப் பற்றிப் பேசும் துணிச்சல் எனக்கு இல்லை. பேசினாலும் தகாது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ஒழிக்கப்பட்டது என்றாலும், அந்தத் தேர்வை எழுதிய தலைமுறையின் அச்சம் ஒழியவில்லை. முதலாம் ஆண்டில் பின்தங்கினால் பிறகு எழவே முடியாது என்பதை அவர் எங்கோ பட்டறிந்திருக்கிறார். "வாசிப்பும் நடக்குதுக்கா" என்று மட்டும் சொன்னேன். அன்றிலிருந்து, செய்கிற ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு சொல்லையாவது எழுதிப் பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பினேன். 'முளை'. 'கரை'. 'வாடு'. அவர் முழுச் சமாதானம் அடைந்தாரா என்று தெரியாது. ஆனால், ஒருநாள் அவரே ஒரு குவளையில் ஆப்ப மாவு கொண்டுவந்து தந்தார்.

அந்த மாவு பெரிய வெற்றி. கண்ணாடிக் குவளையில் மாவை ஊற்றி, மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டிவிட்டோம். நம் ஊர் வெக்கைக்குப் பதினொன்றரை மணிக்கெல்லாம் மாவு வளையத்தைத் தாண்டி நின்றது. யாரும் தொடவில்லை, யாரும் ஊற்றவில்லை, எப்படி ஏறியது? "உள்ள யாரோ இருக்காங்க" என்றான் நமது ஐஸ் பையன். நுண்ணுயிரியலுக்கு அவ்வளவு அருகில் நான் எஸ்.பி.எம். வரை போனதில்லை.

செலவே இல்லாத விளையாட்டுகள் நம் வீட்டு அடுக்களையிலும் கோயில் வாசலிலும் கிடக்கின்றன. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். கிளந்தான்காரர்கள் நாசி கெராபுவுக்கு நிறம் ஏற்றுவது இதில்தான். அதில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நீலம் ஊதாவாகும். மஞ்சள் கலந்த நீரில் சவர்க்காரம் கரைத்தால் சிவக்கும். எலுமிச்சை விட்டால் மறுபடி மஞ்சளாகும். பள்ளிச் சட்டையில் விழுந்த கறிக்குழம்புக் கறை சவர்க்காரம் போட்டதும் சிவப்பாவதைப் பார்க்காத அம்மா இந்நாட்டில் உண்டா? ஆலத்தித் தட்டில் சிவப்பு வருவதும் இதே காரணத்தால்தான், அங்கே சவர்க்காரத்துக்குப் பதில் சுண்ணாம்பு. (பிள்ளைகளிடம் சுண்ணாம்பைக் கொடுக்காதீர்கள்; கண்ணில் பட்டால் ஆபத்து.) மழை விட்டதும் குட்டையைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை புதுக்கோடு. கோட்டுக்குள் கோடு விழுந்துகொண்டே வர, 'வற்றுதல்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியமே இராது.

நிழல் விளையாட்டில் நான்தான் ஏமாந்தேன். காலை ஒன்பது மணிக்கு ஒருமுறை, பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை பிள்ளைகளின் நிழலை வரைந்தோம். நண்பகலில் நிழல் காலடியில் ஒடுங்கும் என்று பெருமையாக அறிவித்திருந்தேன். ஒடுங்கவில்லை, இன்னும் கொஞ்சம் நீண்டே கிடந்தது. பிறகுதான் காரணம் புரிந்தது. 1982 ஜனவரி முதல் நாளில் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டது. கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறத்தாழ ஒன்றேகால் மணிக்குத்தான். சூரியன் மாறவில்லை, நாம் மணியை மாற்றினோம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவில்லை. எனக்கே தலை சுற்றியது.

இனி, களிமண்ணுக்கு வருகிறேன். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் எப்படி வந்தது என்று இந்த வட்டாரத்தில் வாரந்தோறும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? 1881இல் கோலாலம்பூரைத் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. அப்போது வீடுகள் பெரும்பாலும் மரமும் அத்தாப்பும்தான். அதன்பின் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டும்படி வற்புறுத்தினார். கப்பித்தான் யாப் ஆ லோய் செங்கல் தொழிலைத் தொடங்கி வைத்தார். கிள்ளான் ஆற்றோரத்துக் களிமண், சூளையில் வெந்து நகரமானது. அந்தச் சூளைகள் இருந்த இடம்தான் இது.

கலைப்பொருள் கடையில் களிமண் வாங்கி, ஆளுக்கொரு விளக்குச் செய்தோம். இரண்டு நாள் வெயிலில் காய வைத்தோம். அதோடு, தெருமுனைக் கடையில் தீபாவளிக்கு விற்று மீந்த அகல் விளக்குகள் சிலவற்றையும் வாங்கி வந்தேன். (கோல சிலாங்கூர்ப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் மண்பாண்டம் வனைந்து வருவது பலருக்கும் தெரிந்ததே.) இரண்டையும் தண்ணீர் வாளியில் போட்டோம். பிள்ளைகள் செய்த விளக்குகள் ஓரம் கரைந்து, சரிந்து, மறுபடி களிமண்ணாயின. சிலர் அழுதார்கள். பிறகு அதே மண்ணைப் பிசைந்து மறுபடி செய்தார்கள். கடை அகலோ அப்படியே கிடந்தது. அடுத்த நாளும் கிடந்தது. "அது ஏன்க்கா கரையல?" "அது நெருப்புல வெந்தது. வெந்தது திரும்ப மண்ணா ஆகாது." ஒரு சிறுமி கேட்டாள்: "சோறும் திரும்ப அரிசி ஆகாதுல்ல?" திரும்பி வரும் மாற்றம், திரும்பி வராத மாற்றம் என்ற பாகுபாட்டை நான் இடைநிலைப்பள்ளியில் பாடமாகப் படித்தேன். அந்தச் சிறுமிக்கு ஐந்து வயது. அவள் அப்பா உணவகத்தில் சோறு வடிப்பவர்.

இந்த இடத்தில் என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் மாதம் அறிவியல் வகுப்பில் பெலெபூரான், பெம்பெகுவான், பெஞெஜாதான் என்று சொற்கள் வந்து விழுந்தன. எனக்கு அவை கடினமாக இல்லை. உருகுதலும் உறைதலும் ஆவியாதலும் எனக்கு ஏற்கெனவே தெரிந்த ஆட்கள். புதுச்சட்டை போட்டு வந்திருந்தார்கள், அவ்வளவுதான். 'தமிழில் படித்தால் அங்கே போய்த் திணறுவார்கள்' என்று சொல்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். திணற வைப்பது மொழியன்று. பொருளைக் காணாமல் சொல்லை மட்டும் மனனம் செய்தவர்கள் எந்த மொழியிலும் திணறத்தான் செய்தார்கள்.

தமிழுக்கென்று இன்னொரு வசதியும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் தன்வினை, பிறவினை படித்தது நினைவிருக்கிறதா? கோடிட்ட இடத்தை நிரப்பிவிட்டு மறந்துபோன பாடம். உருகு – உருக்கு. வாடு – வாட்டு. நிரம்பு – நிரப்பு. ஆறு – ஆற்று. தேநீர் தானே ஆறும். ஒட்டுக்கடை அண்ணன் அதைத் தூக்கி ஆற்றுவார். மாறு – மாற்று. ஒரு மெய்யெழுத்து இரட்டித்துவிட்டால் போதும், மாற்றத்துக்குப் பின்னால் ஓர் ஆள் வந்து நின்றுவிடுகிறார். சில வினைகளில் வேறுபாடு இன்னும் நுட்பம்: உடைந்தது, உடைத்தேன். இந்த இலக்கணத்தைப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். எந்தப் பிள்ளையாவது 'குவளையை உடைச்சிட்டேன்' என்று வந்து சொன்னதுண்டா? 'குவளை உடைஞ்சிருச்சு' என்றுதான் சொல்லும்.

இதை வைத்து ஒரு விளையாட்டு செய்தோம். தட்டில் ஆறு பொருள்கள். எல்லாரும் கண்ணை மூட, ஒருவர் மட்டும் ஏதாவது ஒன்றை மாற்றி வைப்பார். கண் திறந்ததும் 'என்ன மாறிச்சு?' என்று முதல் கேள்வி. 'யாரு மாத்தினது?' என்று இரண்டாவது கேள்வி. மாற்றியவர் எழுந்து 'நான் மாத்தினேன்' என்று சொல்ல வேண்டும். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தில் வரும் பெருமையை நான் எந்த அட்டவணைப் பாடத்திலும் கண்டதில்லை.

பெரியவர்கள் நாம் எந்த வினையில் பேசுகிறோம்? 'பிரிக்பீல்ட்ஸ் ரொம்ப மாறிடுச்சு' என்கிறோம். பழைய இரயில்வே நிலத்தில் கோலாலம்பூர் செந்திரல் 2001இல் திறக்கப்பட்டது. மோனோரயில் 2003இல் ஓடத் தொடங்கியது. 2010 அக்டோபரில் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்திருந்தபோது லிட்டில் இந்தியா திறப்பு விழா கண்டது. இரயில்வேயில் வேலை செய்த தமிழர்களின் குடியிருப்புகள் இருந்த பக்கமெல்லாம் உயர்ந்த கட்டடங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் திட்டம் போட்டவர் உண்டு, கையெழுத்திட்டவர் உண்டு. சில மாற்றங்கள் நல்லவை. செந்திரல் இல்லாவிட்டால் நான் வகுப்புக்கு நேரத்துக்குப் போக முடியாது. ஆனாலும் மழை பெய்ததைப் போலத்தான் பேசுகிறோம். தோட்டம் 'போய்விட்டது', பள்ளியில் மாணவர் 'குறைந்துவிட்டார்கள்', மொழி 'தேய்ந்துவிட்டது'. எல்லாம் தன்வினை. ஐந்து வயதில் 'யாரு மாத்தினது?' என்று கேட்டுப் பழகியிருந்தால் கொஞ்சம் வேறுவிதமாகப் பேசியிருப்போமோ என்று எனக்குத் தோன்றுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் நன்றாக நடந்தவை. இனி, நான் செய்த ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும்.

ஆளுக்கொரு குவளையில் பஞ்சு வைத்துப் பச்சைப் பயறு போட்டிருந்தோம். இரண்டாம் நாள் முளை, நான்காம் நாள் இலை. ஒவ்வொரு குவளையிலும் பெயர் ஒட்டியிருந்தது. வாரக் கடைசியில் அறை பூட்டியிருந்ததால் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. திங்கட்கிழமை நான் முதலில் போய்ப் பார்த்தேன். நான்கு செடிகள் காய்ந்து சாய்ந்திருந்தன. என்னிடம் வீட்டில் வேறு முளைகள் இருந்தன. பிள்ளைகள் மனம் நோகக் கூடாதே என்று, ஒருநாள் சமாளித்துவிட்டு, மறுநாள் காலை நான்கையும் மாற்றி வைத்துவிட்டேன். மூன்று பேர் கவனிக்கவில்லை. சோற்றுக் கேள்வி கேட்ட சிறுமி குவளையைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என் செடி இல்ல" என்றாள். "உன் பேரு இருக்கு பாரு" என்றேன். "பேரு என்னுது. செடி என்னுது இல்ல. யாரு மாத்தினது?"

நான் சொல்லிக்கொடுத்த கேள்வி. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தலைமை ஆசிரியைதான் வந்து, "அக்காதான் மாத்தினாங்க. உன் செடி காஞ்சு போச்சு. நீ வருத்தப்படுவேன்னு நெனைச்சாங்க" என்று சொன்னார். சிறுமி அழவில்லை. காய்ந்த செடி எங்கே என்று கேட்டாள். குப்பைத் தொட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் தாளில் ஒட்டி வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஐந்து வயதில் தாத்தா இறந்தார். 'தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்' என்று வீட்டில் சொன்னார்கள். அத்தை ஈப்போவில் இருந்ததால் ஊர் என்றால் ஈப்போ என்று நினைத்துக்கொண்டு, பல நாள் மாலை வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தேன். யாரும் என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. எல்லாரும் என்மேல் அன்பு கொண்டவர்கள். இந்த 'ஊருக்குப் போயிருக்கிறார்' நம் வீடுகளில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டது என்று நண்பர்களிடம் கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு வேலை போனதும், வாடகை வீட்டைக் காலி செய்வதும், பாலர் பள்ளியை மாற்றுவதும் இப்படியே நடக்கின்றன. பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்து, பெயர் ஒட்டிய குவளையில் வேறு செடியை வைக்கிறோம். பிள்ளை குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. கேட்கச் சொல் இருந்தால் கேட்கிறது. இல்லாவிட்டால், காரணம் தெரியாமல் அழுகிறது, கடிக்கிறது, படுக்கையை நனைக்கிறது. நாம் பூசாரியிடம் மந்திரிக்க அழைத்துப் போகிறோம்.

ஐஸ் பையன் ஒன்பதாவது வாரம் வரவில்லை. குடும்பம் கிள்ளானுக்கு வீடு மாறிவிட்டது என்று பிறகு தெரிந்தது. போகும்முன் அவனுக்கு யாராவது சொன்னார்களா என்று எனக்குத் தெரியாது. அவனுடைய குவளை எங்களிடமே இருந்தது. வெள்ளிக்கிழமை நான்தான் கிள்ளானுக்கு வண்டி ஏறிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். செடி ஒரு சாண் வளர்ந்திருந்தது. அவன் வாங்கிக்கொண்டு, "இது நான் போட்டதுதானே?" என்று மட்டும் கேட்டான்.

பேரவை நண்பர்களுக்கு ஒரு சொல். ஆண்டுதோறும் நாம் தமிழ்ப்பள்ளிகளுக்குத் தன்முனைப்பு முகாம் நடத்துகிறோம். பெரும்பாலும் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு. மேடை, ஒலிபெருக்கி, 'உன்னால் முடியும்' என்று கைதட்டல், கடைசியில் கண்ணீர். நானும் மூன்று முகாம்களில் குழுத்தலைவியாக இருந்து கைதட்டியிருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆயினும், பன்னிரண்டு வயதில் ஒரே நாளில் மாற்றத்தை ஊட்டிவிட நினைக்கும் நாம், ஐந்து வயதில் மாற்றத்தைக் கையால் தொட்டுப் பார்க்கும் பிள்ளைகளின் பக்கம் இதுவரை போனதே இல்லை. பாலர் பள்ளிகளுக்கு ஆள் பற்றாக்குறை. நம்மிடம் ஆள் இருக்கிறது, சனிக்கிழமை இருக்கிறது, தமிழும் இருக்கிறது. கல்வியியல் படிப்பவர்கள்தாம் வர வேண்டும் என்பதில்லை. பொறியியல் மாணவர்கள் மண் பிசையலாம். சட்ட மாணவர்கள் 'யாரு மாத்தினது?' விளையாட்டுக்குப் பொருத்தமானவர்கள்.

செயற்குழுவிடம் திட்ட அறிக்கை கொடுத்திருக்கிறேன். மாதம் ஒரு சனிக்கிழமை, இரண்டு மணி நேரம், ஒரே பாலர் பள்ளி. பிள்ளைக்குத் தெரிந்த முகமே மறுபடி மறுபடி வர வேண்டும் என்பதால், பெயர் கொடுப்பவர்கள் ஓராண்டு முழுவதும் வர வேண்டும். தேவையான பொருள்கள்: பச்சைப் பயறு ஒரு பொட்டலம், பஞ்சு, களிமண் ஐந்து கிலோ, அகல் விளக்கு இருபது, எலுமிச்சை பத்து, ரப்பர் வளையம், சுண்ணக்கட்டி. சங்குப்பூ என் வீட்டு வேலியில் இருக்கிறது. டி-சட்டையும் பதாகையும் கணக்கில் சேர்க்கவில்லை. பொருளாளர் அதை இரண்டு முறை கேட்டு உறுதிசெய்துகொண்டார்.